எல்லாருக்கும் சேர்த்துப் பாடம் கேட்ட டிக்கெட் அக்கா

எங்கள் தெருமுனையில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குள் நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில் சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கும். எல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்டவை. மறதி நோய் வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியில் தேறியவர்கள் என்று போட்டிருக்கும். மேனேஜரம்மாவுக்கு ஒன்று, ஆயாக்களுக்கு ஆளுக்கு ஒன்று, சமையல்காரருக்கு, வேன் டிரைவருக்கு, வாசலில் உட்கார்ந்தபடியே தூங்கும் வித்தை தெரிந்த வாட்ச்மேனுக்குக்கூட ஒன்று. உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். எல்லாருக்கும் ஒரே மார்க். ஒருத்தருக்கும் அரை மார்க் கூடக் குறையவில்லை.

அப்பா அம்மாவைச் சேர்க்க வரும் பிள்ளைகள் அந்தச் சுவரைப் பார்த்ததும் பாதி அழுகையை நிறுத்திவிடுவார்கள். நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே தாண்டிப் போவேன். அத்தனை மார்க்கும் ஒரே ஒரு பெண்ணின் ஆள்காட்டி விரல் வாங்கியது என்று எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை.

நான் முடி வெட்டுகிறவன். அதே தெருவில் கடை. வாரத்தில் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு இல்லத்துக்குப் போய் அங்கே இருப்பவர்களுக்கு முடி வெட்டி, சவரம் செய்துவிட்டு வருவேன். இந்தத் தொழிலில் கை ஒரு பக்கம் வேலை செய்யும், காது இன்னொரு பக்கம் மேய்ந்துகொண்டிருக்கும். அப்படி மேய்ந்ததில் சேர்ந்ததுதான் இந்தக் கதை.

அந்த விரல் டிக்கெட் அக்காவுடையது. அவருக்கு அந்தப் பெயர் இல்லத்தில் வைத்ததல்ல. அதற்கு முன்னால் பெரிய தியேட்டரில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கவுண்டர் ஒரு பொந்து. உள்ளே இருப்பவருக்கு வெளியே நிற்பவரின் முகம் தெரியாது, நீளும் கை மட்டும்தான் தெரியும். அக்கா கையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். எந்தக் கை போன வாரம் எந்தக் கையோடு வந்தது என்பதும் அவருக்கு மறக்காது. எங்கள் வட்டாரத்துப் பெரிய மனிதர்கள் சிலர் எதிரே அக்கா வருவதைக் கண்டால் இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொள்வார்கள். என்ன விஷயம் என்று நான் எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன். "அதெல்லாம் டிக்கெட்டோட கிழிச்சுப் போட்டாச்சு" என்பார். ஒன்றும் கிழியவில்லை என்று அவர் சிரிப்பிலேயே தெரியும். மற்ற பெண்கள் நகையை வைத்துக்கொண்டு மினுக்குவார்கள். அக்கா ஞாபகத்தை வைத்துக்கொண்டு மினுக்கினார்.

புருஷன் அதே தியேட்டரில் படம் ஓட்டியவர். ஒரு நாள் இடைவேளையில் கீழே இறங்கிப் போனவர் திரும்பி வரவே இல்லை. யாரோடு போனார் என்று நான்கைந்து விதமாகச் சொல்வார்கள். அக்காவிடம் கேட்டால், "மீதிப் படத்த நான் பாத்துட்டேன், முடிவு ஒண்ணும் பெருசா இல்ல" என்பதோடு சரி. ஒரே மகள். அவளைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, அவள் வேறு ஊரில் வேலையோடும் பிள்ளைகளோடும் குடியேறியபிறகு தியேட்டரை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் சோபா விற்கும் கடை வந்தது. அக்கா பச்சைச் சட்டை சீருடை போட்டுக்கொண்டு இல்லத்து மாடிக்கு வேலைக்கு வந்தார். மாடிதான் மறதிக்காரர்களின் பகுதி.

பயிற்சி வந்தது அதற்குப் பிறகு. சான்றிதழ் இல்லாத ஒருவரும் மாடியில் கால் வைக்கக்கூடாது என்று தலைமை ஆபீஸிலிருந்து உத்தரவு. ஒரு டேப்லெட்டை அனுப்பியிருந்தார்கள். அதில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் தோன்றி, "அன்பான பராமரிப்பாளரே" என்று தொடங்கி நிதானமாகப் பேசுவாள். அவள் பேசி முடிக்கும்வரை 'அடுத்து' என்ற பொத்தான் வெளுத்துக் கிடக்கும், என்ன தட்டினாலும் நகராது. பாடம் முடிந்ததும் கேள்விகள் வரும். தேறிவிட்டால் திரையில் கலர் காகிதம் தூவும். வருஷா வருஷம் மறுபடி முதலிலிருந்து.

எல்லாருக்கும் தலைவலி. நெட்டை என்று ஒரு ஆள் மாடியில் தூக்கி இறக்கும் வேலைக்கு இருக்கிறான். நல்லவன், ஆனால் உட்கார்ந்து எதையும் கேட்கமாட்டான். அவன்தான் முதலில் அக்காவிடம் போய் நின்றான். கனமான ஆட்களையெல்லாம் நானே தூக்குகிறேன், என் பாடத்தை நீங்கள் பார்த்துவிடுங்கள் என்றான். அக்கா துணி அறையில் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவன் பெயரில் பாடம் கேட்டு, அவன் பெயரில் பதில் தட்டினார். கலர் காகிதம் தூவியது. விஷயம் பரவியது. கொஞ்ச நாளில் மேனேஜரம்மாவே, தனக்குத் தலைக்குமேல் வேலை என்று சொல்லி, தன் பாடத்தையும் அக்காவிடம் தள்ளிவிட்டார். பாஸ்வேர்டை மறந்து தொலைப்பார்கள் என்று அக்கா எல்லாருக்கும் இல்லத்து போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்தார். நெட்டை தனக்கு மட்டும் ஒன்றிரண்டு தப்பு விடச் சொன்னான். முழு மார்க் என்றால் வீட்டில் நம்பமாட்டார்களாம்.

"என் கையால தப்பு வராதுடா" என்று அக்கா சொல்லிவிட்டார்.

இப்படியாக, மற்றவர்கள் ஒரு தடவைகூடக் கேட்காத பாடத்தை அக்கா அத்தனை பேருக்காகவும் திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்டதைச் செய்தும் காட்டினார். நான் முதல் நாள் மாடிக்குப் போனபோது வழக்கம்போல ஒருவர் பின்னால் போய் நின்று கத்திரியை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து முன்பக்கம் இழுத்து வந்தார். முதலில் முகத்துக்கு நேரே நில், கத்திரியைக் கையில் வைத்துக் காட்டு, அப்புறம் பின்னால் போ என்றார். கண்ணாடியின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். தன் முகத்தையே யாரோ அன்னியன் என்று நினைத்துப் பயப்படுவார்களாம். அன்றிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் கத்திரி.

அங்கே கப்பல்காரர் என்று ஒரு பெரியவர் இருந்தார். கப்பலில் எஞ்சின் பார்த்தவர். பொழுது சாய்ந்தால் எழுந்து கதவைத் தேடுவார். கதவுக்குச் சுவரின் நிறத்தையே அடித்திருப்பார்கள், ஆனாலும் அவர் தடவித் தடவிக் கண்டுபிடித்துவிடுவார். எஞ்சின் அறைக்குப் போகவேண்டும் என்பார். மற்றவர்கள் தடுத்தால் அடி விழும். அக்கா தடுக்கமாட்டார். "நானும் அங்கதான் சார் போறேன், சேந்து போலாம்" என்று கையைக் கோத்துக்கொண்டு நடைக்கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிச் சாப்பாட்டு மேஜையில் கொண்டுபோய் உட்காரவைப்பார். அவருக்கு விழுங்குவதில் சிரமம். ஒரு நாள் அவர் சாப்பிட்டு முடித்த கையோடு, சவரத்துக்காக நான் அவர் நாற்காலியைப் பின்னால் சாய்த்தேன். அக்கா சீப்பை எடுத்து என் விரல்முட்டியில் ஒன்று போட்டார். சாப்பிட்டபிறகு அரைமணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கவேண்டும், சாய்த்தால் உள்ளே போனது மூச்சுக்குழாயில் ஏறும் என்றார். முட்டி வலித்ததால் எனக்கு அது மறக்கவே இல்லை.

மகள் அவ்வப்போது பார்க்க வருவாள். அந்தச் சுவரை ஒரு தடவை போட்டோ எடுத்துக்கொண்டாள். "உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா கவலையே இல்லம்மா, இங்கயே சேத்துடறேன். எல்லாரும் உனக்குத் தெரிஞ்சவங்க, படிச்சுத் தேறினவங்க" என்று கிண்டலாகச் சொன்னாள். அக்கா சிரித்தார். நெட்டை சிரித்தான். நானும் சிரித்தேன்.

அக்காவிடம் மாறுதலை முதலில் கவனித்தது நான்தான். இதில் பெருமை ஒன்றும் இல்லை. வம்பு கேட்டுப் பழகினவனுக்கு ஒரே வம்பு இரண்டாம் தடவை வந்தால் உடனே தெரிந்துவிடும். சமையல்காரர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து மளிகை அறையில் மூட்டைமேல் படுத்துத் தூங்கிய கதையை அக்கா என் காதோடு சொன்னார். நன்றாக ரசித்தேன். அடுத்த தலையை முடிப்பதற்குள் மறுபடி வந்தார். அதே மாதிரி குனிந்தார், அதே இடத்தில் குரலைத் தாழ்த்தினார், அதே கதை. நான் மரியாதைக்கு அதே அளவு சிரித்தேன். கையில் கத்திரி மட்டும் கொஞ்ச நேரம் ஓடவில்லை.

இன்னொரு நாள், முடி வெட்டி அனுப்பிய ஆளையே திரும்ப அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தார். இவருக்கு இப்போதுதானே வெட்டினேன் என்றேன். ஒரு நொடி அந்த ஆளின் தலையையும் தரையில் கிடந்த முடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நீ தூங்கிட்டு வெட்டறியா, முழிச்சிட்டு வெட்டறியான்னு பாத்தேன்" என்று சிரித்துக்கொண்டே அவரைக் கூட்டிப்போனார். சிரிப்பு முடிந்த பிறகும் அந்த வாய் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் கப்பல்காரரின் நாற்காலியை அக்காவே பின்னால் சாய்த்தார். எனக்கு விரல்முட்டி ஞாபகம் வந்தது. சாய்க்கலாமா என்று கேட்டேன். சாப்பிட்டதும் படுக்கவைப்பதுதான் பாடம் என்று அடித்துச் சொன்னார். சொன்னது டிக்கெட் அக்கா. அங்கே எல்லாருக்கும் ஒரே பாடப்புத்தகம் அவர்தான். அன்றிலிருந்து மாடியில் எல்லாரும் அப்படியே செய்தார்கள். அதில் வசதியும் இருந்தது. படுக்கவைத்துவிட்டால் மேஜையைச் சீக்கிரம் துடைக்கலாம்.

கப்பல்காரருக்கு இருமல் தொடங்கியது. முதலில் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும். ஈரமான இருமல், அடியில் ஏதோ கொதிக்கிற மாதிரி. அடுத்தடுத்த வாரங்களில் நான் மாடிப்படி ஏறும்போதே அது கீழே இறங்கி வந்து என்னைக் கூப்பிட்டது.

அந்தச் சமயம் பார்த்துத் தலைமை ஆபீஸிலிருந்து மேனேஜரம்மாவுக்கு போன் வந்தது. இந்த வருஷம் உங்கள் ஆட்கள் எல்லாருக்கும் மார்க் குறைந்திருக்கிறது, அதுவும் எல்லாரும் ஒரே கேள்வியில் ஒரே தப்பைச் செய்திருக்கிறார்கள், என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறார்கள். மேனேஜரம்மா அத்தனை பேரையும் கூடத்தில் நிறுத்தினார். நான் ஒரு மூலையில் ஒருவருக்குக் காதோரம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பாடம் கேட்டது யார் என்று சொன்னால் கேட்காதது யார் யார் என்பதும் வெளியே வந்துவிடுமே. எல்லார் கண்ணும் அக்காமேல் இருந்தது. அக்கா துண்டு மடித்துக்கொண்டிருந்தார்.

மேனேஜரம்மா கேள்வியைப் படித்தார். விழுங்கச் சிரமப்படுகிறவரைச் சாப்பிட்ட உடனே என்ன செய்யவேண்டும்? யாராவது சொல்லுங்கள் என்றார்.

"படுக்க வெக்கணும்" என்றார் அக்கா, துண்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மேனேஜரம்மாவுக்கும் வேறு பதில் தெரியாது. அவர் சான்றிதழும் அதே விரல் வாங்கியதுதானே.

"தெரிஞ்சு வெச்சுகிட்டே ஏன் தப்பாப் போட்டீங்க?" என்று கடிந்துகொண்டு கூட்டத்தைக் கலைத்தார்.

மாடியிலிருந்து இருமல் கேட்டது. நான் நெட்டையைத் தனியே இழுத்துப்போய், முன்னால் அக்கா எனக்குச் சொன்னது வேறு என்றேன், முட்டியைக்கூடக் காட்டினேன். அவன் என் தோளில் தட்டினான். "பாடம் மாறியிருக்கும்ணே. வருசா வருசம் மாத்துவாங்க. அக்காவுக்குத் தெரியாததா?"

அடுத்த வாரம் நான் போனபோது இருமல் இல்லை. கப்பல்காரரின் அறையில் விரிப்பை உருவியிருந்தார்கள். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவர் திரும்பி வரவில்லை. வயதாகிவிட்டதல்லவா என்று எல்லாரும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்கள்.

அதன்பிறகு ஒரு மதியம் அக்கா என் கடைக்கு வந்தார். வெளியே மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு நின்றது, கடையில் வேறு ஆள் இல்லை. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை நேருக்கு நேர் பார்த்தார்.

"கத்திரி, என்னைப் பத்தி ஒரு வம்பு வெச்சிருக்கியாமே. நெட்டை சொன்னான். அத என்கிட்டயே சொல்லு."

சொன்னேன். சீப்பால் அடித்ததையும், பிறகு சாய்த்ததையும், கூடத்தில் சொன்ன பதிலையும். ஒரு வம்பை அதற்கு உரியவரிடமே நான் சொன்னது அன்றைக்குத்தான்.

பாடத்தைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வந்திருப்பதாகச் சொன்னார். நீலச் சட்டைக்காரி நான் சொன்னதைத்தான் சொல்கிறாளாம். பிறகு அந்தப் பெண்ணின் குரலிலேயே, அதே நிதானத்தில் பேச ஆரம்பித்தார். "அன்பான பராமரிப்பாளரே, நோயின் தொடக்கத்தில் அவர்கள் சொன்னதையே சொல்வார்கள். பழகிய வேலையில் தவறுவார்கள். கேட்டால் சிரித்து மழுப்புவார்கள்." கண்ணாடியில் இருந்த முகம் அசையவே இல்லை. "இது மொதப் பாடம். ஒவ்வொருத்தனுக்காகவும் கேட்டேன். எனக்காக ஒரு தடவ கேட்டிருக்கலாம்."

டாக்டரிடம் காட்டலாம், மருந்து மாத்திரை இருக்கும் என்று ஏதோ சொல்லிவைத்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மகள் கிண்டலாகச் சொன்னது நடக்கப்போகிறது என்றார். அவளைக் குறை சொல்லவில்லை, அவளுக்கு வேறு வழி இல்லை.

"மாடில என்னைத் தூக்கி உக்கார வெக்கப்போறது நெட்டை. வாயில ஊட்டப்போறதும் அவன்தான். அவனுக்குப் பாஸ் போட்டது யாரு? நான். அந்தச் செவுத்துல அவங்க யாருமே இல்ல கத்திரி. நான் ஒருத்திதான் இருக்கேன். நானும் போய்கிட்டிருக்கேன்."

இருக்கிற ஞாபகமும் முழுக்கப் போவதற்குள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்றார். எழுந்து வாசல்வரை போனவர், வலதா இடதா என்று ஒரு கணம் நின்றார். இல்லம் அங்கிருந்து பார்த்தாலே தெரியும்.

மறுநாளே எல்லாரிடமும் அவரவர் பாடத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆளாளுக்குத் துணி அறையில் போய் உட்கார்ந்து கேட்கவேண்டும் என்றார். போனார்கள். டேப்லெட்டைத் துண்டுகள்மேல் சாய்த்துவைத்துவிட்டு நெட்டை பின்வாசலுக்குப் புகை பிடிக்கப் போய்விடுவான். நீலச் சட்டைக்காரி அன்பான படுக்கை விரிப்புகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். 'அடுத்து' பொத்தான் உயிர் பெறும் நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வந்து தட்டுவான்.

அக்கா வழியை மாற்றினார். தியேட்டரில் கிடந்தவர் இல்லையா, நடிக்க ஆரம்பித்தார். சாப்பாடு முடிந்து ஓய்வாக இருக்கும் நேரத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, தானே நோயாளியாவார். இப்போது நான் குளிக்கமாட்டேன் என்கிறேன், நீ என்ன செய்வாய்? என் பர்ஸை நீ திருடிவிட்டாய் என்கிறேன், என்ன பதில் சொல்வாய்? இப்போது நான் கதவைத் தேடுகிறேன். நெட்டை ஓடிப்போய்க் குறுக்கே நிற்பான், தலையில் குட்டு விழும். இன்னொரு ஆயா கையைக் கோத்துக்கொண்டு நடப்பாள், கைதட்டல் விழும். நடிக்கும்போது அக்கா என் பக்கம் திரும்பி ஒரு கண்ணைச் சிமிட்டுவார். நானும் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்ச நாளைக்கு இது பலித்துவிடும் என்றே நினைத்தேன். வேன் டிரைவர்கூட முன்பக்கம் வந்து நின்று பேசப் பழகியிருந்தார்.

ஆனால் பாடம் நடத்துகிறவர் ஒரே இடத்தில் நிற்கவேண்டுமே. ஒரு நாள் சாப்பிட்டதும் நிமிர்த்தி உட்காரவை என்பார். இன்னொரு நாள் நேர்மாறாகச் சொல்வார். எது சரி என்று கேட்டால் கோபம் வரும். அவர்கள் எது சுலபமோ அதை எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் அந்த நாள். மாடியில் ஒருவருக்குப் பாதித் தலை வெட்டியிருந்தேன். அக்கா பச்சைச் சீருடையோடு, கைப்பையை இடுக்கிக்கொண்டு வந்து சுவர் நிறக் கதவைத் தடவினார்.

"கவுண்டர் தொறக்கணும். கூட்டம் நிக்குது. வழிய விடு."

நெட்டை கைகட்டிக்கொண்டு சிரித்தான். இன்றைக்குக் கேள்வி கொஞ்சம் கஷ்டம் என்றான், மற்றவர்களையும் கூப்பிட்டான். ஒருத்தி, பால்கனியில் எனக்கு ஒரு சீட்டுக் கொடுங்கள் அக்கா என்றாள். சிரிப்பு. அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இடுப்பில் சாவியைத் தேடினார். என் பக்கமும் திரும்பினார். நான் அந்தக் கண் சிமிட்டலுக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"டேய், இது நடிப்பில்லடா" என்றேன்.

"அதானேண்ணே அக்காவோட தெறமையே" என்றான் நெட்டை. கதவுப் பூட்டின் எண்ணைத் தட்டித் திறந்துவிட்டு, தியேட்டர்க்காரன் மாதிரி வளைந்து வழிகாட்டினான். அக்கா படியில் இறங்கிப் போனார். பச்சைச் சட்டையைப் பார்த்த வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடித்து கேட்டைத் திறந்தான்.

நான் தோளில் துண்டோடு பின்னால் ஓடியபோது அவர் சோபாக் கடைக்கு முன்னால் நின்றிருந்தார். கண்ணாடிச் சுவரை உள்ளங்கையால் அடித்து, உள்ளே யார், திறவுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே விற்பனையாட்கள் வேடிக்கை பார்த்தார்கள். நானும் முன்பக்கம் போய் நின்று, கையைக் காட்டி, உங்களோடு நானும் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நெட்டை மூச்சிரைக்க ஓடிவந்து பின்னாலிருந்து அவரைக் கட்டிப் பிடித்தான்.

"என்னக்கா ஒளர்றீங்க? தியேட்டர மூடி எத்தன வருசமாச்சு."

அக்கா அவன் கையைக் கடித்தார். பிறகு கண்ணாடியில் தெரிந்த பெண்ணைப் பார்த்தார். யார் இவள் என்பதுபோல ஒதுங்கினார்.

மகள் வந்தாள், டாக்டர் வந்தார், நோய்க்குப் பெயர் வைத்தார்கள். கப்பல்காரரின் அறை காலியாகத்தான் இருந்தது. உள்ளே அழைத்துப்போகும்போது மகள் சான்றிதழ்ச் சுவர் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதெல்லாம் உங்கள் அம்மா வாங்கியது என்று அவளிடம் சொன்னேன். "ஆமாண்ணே, அம்மாதான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாங்கன்னு மேனேஜர் மேடமும் சொன்னாங்க. அதான் தைரியமா விட்டுட்டுப் போறேன்" என்றாள். இல்லை, அவர்கள் கேட்கவே இல்லை என்று தொடங்கினேன். அவளுக்கு போன் வந்துவிட்டது.

இப்போது புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். விரல் நல்ல வேகம். இந்த வருஷத்துப் பாடம் வந்ததும் நெட்டை அவளிடம் தன் பாஸ்வேர்டைக் கொடுத்தான், மற்றவர்களும் கொடுத்தார்கள். அவள் துணி அறையின் கதவைச் சாத்துவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. நீலச் சட்டைக்காரி கேள்வி கேட்டால் வெளியே நாற்காலியில் இருக்கும் டிக்கெட் அக்கா தானாகவே பதில் சொல்கிறார். டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற வேகத்தில், யோசிக்காமல். புதுப் பெண் அதைக் கேட்டு உள்ளே தட்டுகிறாள். பெரும்பாலும் சரியாக இருக்கிறதாம். கலர் காகிதம் தூவிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்று என்னுடைய நாள். இப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தைக் குறிவைத்துத்தான் போகிறேன். படியேறும்போதே இருமல் கேட்டது. கண்ணாடியைத் துண்டால் மூடினேன். அக்காவின் முன்னால் போய் நின்று, கத்திரியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். முகத்தைப் பார்த்து அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எத்தனை?"

"ஒண்ணு போதும்க்கா" என்றேன். பின்னால் போய் வெட்ட ஆரம்பித்தேன். நெட்டை அப்போதுதான் அவருக்கு ஊட்டி முடித்து வாயைத் துடைத்துவிட்டிருந்தான்.

துணி அறையிலிருந்து குரல் வந்தது. விழுங்கச் சிரமப்படுகிறவரைச் சாப்பிட்ட உடனே என்ன செய்யவேண்டும்?

"படுக்க வெக்கணும்" என்றார் அக்கா.

உள்ளே விரல் தட்டும் சத்தம். நெட்டை நாற்காலியின் பின்பக்கம் வந்து சாய்க்கிற பிடியில் கையை வைத்தான்.

"இருப்பா, பின்னாடி இன்னும் பாக்கி இருக்கு" என்றேன்.

பாக்கி ஒன்றும் இல்லை. போன வாரமே ஒட்ட வெட்டியிருந்தேன். கத்திரியைப் பிடரிக்கு மேலே பிடித்து வெறும் காற்றை வெட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் மட்டும் சரியாக வந்தது. அவன் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டு அருகிலேயே நின்றான். அவன் மேஜையைத் துடைக்கவேண்டும். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, மூடின கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் ஏதோ கொதிக்கிற மாதிரி மெல்ல ஒரு தடவை இருமினார்.

அரைமணி நேரம் வரை என் கை வலிக்காது. நாளைக்கு நான் வரும் நாள் இல்லை.